தம்பிக்கு இரண்டு முறை வந்த சின்னம்மை

டாக்டர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதைக் கேட்டதும் தம்பி ஏன் ஓர் அடி பின்வாங்கினான் என்பது அந்த அறையில் தம்பியைத் தவிர யாருக்கும் தெரியாது.

"உங்களுக்குச் சின்ன வயசுல சின்னம்மை வந்திருக்காம்மா?"

கேள்வி தம்பிக்கில்லை, அக்காவுக்கு. அக்காவுக்கு ஏழாம் மாதம். மடியில் இடமில்லாததால் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு நின்ற மூன்று வயதுப் பொடிசுக்கு அன்று காலையில்தான் முதுகில் நாலு கொப்புளம் கிளம்பியிருந்தது. ஆறு வயது ரேடியோவுக்கு முந்தின நாளே கிளம்பிவிட்டது. மூத்தவள், ஒன்பது வயது வக்கீலம்மாவுக்கு அதற்கும் முந்தின நாள். மூன்றும் ஒரே பள்ளிக்கூட வேனில் போய்வருகிற உருப்படிகள், அதனால் ஒன்றாகவே வாங்கி வந்துவிட்டன. அவன் ரேடியோ ஆனது வாயை மூடத் தெரியாததால். அவள் வக்கீலம்மா ஆனது எதையும் ஒரே தடவையில் ஒத்துக்கொள்ளாததால். பொடிசு ஏன் பொடிசு என்று நான் சொல்லத் தேவையில்லை.

"எனக்கு வந்ததில்ல டாக்டர். ஆனா எனக்கு ஒட்டாது," என்றாள் அக்கா, ஏதோ பரம்பரைச் சொத்து மாதிரி. "இதோ நிக்கிறானே என் தம்பி, இவனுக்கு ஒன்பது வயசுல உடம்பு பூரா கொட்டிடுச்சு. அம்மாவுக்கு மில்லுல லீவு கிடைக்கல. பத்து நாள் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தது நான்தான். அப்ப எனக்குப் பதினாலு. எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்து ஓட்டப்பந்தயம் வெச்சிருந்தாங்க. நான் போகல. தம்பிதான் பெருசுன்னு இருந்துட்டேன். ஒரு பொட்டு எனக்கு வரணுமே? வரல!"

தம்பி சுவரில் மாட்டியிருந்த காது மூக்கு தொண்டைப் படத்தை உற்றுப் பார்த்தான். இந்தக் கதையை அவன் இருபது வருஷமாகக் கேட்டு வருகிறான். கல்யாண வீட்டில், ரயிலில், பெண் பார்க்க வந்த அன்றே அத்தானிடம், லிஃப்டில் மாட்டிக்கொண்ட முன்பின் தெரியாத ஆளிடம். ஒவ்வொரு முறையும் முடிவில் அவன் சொல்லவேண்டிய வசனம் ஒன்று உண்டு. "அக்கா ஓடியிருந்தா முதல் பரிசுதான்." இப்போதும் வாய் தன்னால் திறந்து அதைச் சொல்லி மூடிக்கொண்டது.

"பத்து நாள் கூடவே இருந்தும் வரலையா?" டாக்டர் புருவத்தை உயர்த்தினார். "ஆச்சரியமா இருக்கே. உங்க உடம்புல எதிர்ப்பு சக்தி இருந்தாலும் இருக்கலாம்."

இருக்கலாமாவது, மண்ணாங்கட்டியாவது! உள்ளதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு ஒன்பது வயதில் சின்னம்மை வரவில்லை. வந்தது கணக்குப் பரீட்சை. பெருக்கல் வாய்ப்பாட்டில் ஏழுக்கு மேல் அவனுக்கு நாக்கு புரளாது. பக்கத்து வீட்டில் யாருக்கோ அம்மை என்று கேள்விப்பட்டதும் ஐயாவுக்கு யோசனை உதித்துவிட்டது. வாத்தியார் திருத்துகிற சிவப்பு மைக்குப்பியை எடுத்து, துடைப்பக் குச்சியால் உடம்பு முழுக்கப் பொட்டு வைத்துக்கொண்டு, வெந்நீர் டம்ளரை நெற்றியில் அழுத்திவைத்து, போர்வைக்குள் முனகிக்கொண்டு படுத்துவிட்டான். கம்பவுண்டர் வந்தார். தனக்கு ஒட்டிவிடும் என்ற பயத்தில் வாசற்படியில் நின்றே எட்டிப் பார்த்து, "அம்மையேதான், பத்து நாள் குளிக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனார்.

ஒரு நாளில் முடியவேண்டிய பொய் அப்படித்தான் பத்து நாள் ஆனது. தினமும் விடிவதற்கு முன் போர்வைக்குள்ளேயே பொட்டுகளுக்கு மறுபூச்சு. பந்தயத்தன்று காலையில் அக்கா ஓட்டக் காலணியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அழுத கண்ணோடு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்புறம் எப்போது சொல்வது? அக்கா அந்தக் கதையைச் சொல்லும்போது அவள் முதுகு நிமிர்வதைப் பார்த்திருக்கிறவன் எந்த முகத்தோடு சொல்வான்? உலகத்திலேயே தன்னைப் பெரிதாக நினைக்கிற ஒரே ஜீவன் அக்காதான், அவள் தன்னைக் கேவலமாக ஒரு பார்வை பார்த்துவிட்டால் தாங்காது என்று அவனுக்குப் பயம்.

"இருக்கலாம்னா என்ன டாக்டர்?" தம்பி பதறிக்கொண்டு முன்னால் வந்தான். "இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல. எதுக்கு வம்பு? ஊசியைப் போட்டு, வீட்டுப் பக்கம் போகாம தள்ளி இருக்கச் சொல்லுங்க."

டாக்டருக்கு அவன் சொன்னது நியாயமாகப் பட்டது. கர்ப்பக் காலத்தில் வந்தால் நுரையீரல்வரை போய்விடும், தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து என்று விளக்கினார். எதிர்ப்பு சக்தி தருகிற ஊசியும் போட்டார். பிள்ளைகளுக்குக் கடைசிப் பொருக்கு உதிரும்வரை வீட்டுப் பக்கம் போகவே கூடாது என்றார்.

"அப்ப இதுங்களை யார் பார்க்கிறது? அவர் கப்பல்ல இருக்கார், வர இன்னும் ரெண்டு மாசம் ஆகும்," என்றாள் அக்கா.

"நான் இருக்கேன்ல. எனக்குத்தான் வந்தாச்சே," என்றான் தம்பி. பழைய பொய்யின் தலையில் புதுப் பொய் ஒன்று ஏறி உட்கார்ந்தது.

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "அன்னைக்கு நான் உனக்குப் பார்த்தேன். இன்னைக்கு நீ என் பிள்ளைங்களுக்குப் பார்க்கிற. சும்மாவா சொன்னேன், என் தம்பி தங்கம்னு." தங்கத்துக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

அன்றே இடம் மாறினார்கள். அக்கா இரண்டு தெரு தள்ளியிருந்த தம்பியின் ஒற்றை அறைக்குப் போனாள். தம்பி ஒரு பையில் நாலு சட்டையும் இன்னொரு பையில் வேலைச் சாமான்களும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு மாடிக் கட்டடத்து லிஃப்டைத் தனியாளாகச் சரிசெய்வான். மூன்று பிள்ளைகள் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தான். கம்பெனி முறைப்படி ஆளுக்கொரு பராமரிப்புத் தாள் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினான். காய்ச்சல் எத்தனை, களிம்பு எத்தனை மணிக்கு, நகம் வெட்டியாயிற்றா, சத்தம் வழக்கம்போலா, மீறியா. ரேடியோவின் தாளில் கடைசிக் கட்டத்தில் தினமும் "மீறி" என்றே எழுதவேண்டி வந்தது.

முதல் நாளே வக்கீலம்மா தாளைப் படித்துவிட்டு ஆட்சேபம் எழுப்பினாள். "எனக்கு மூணு மணிக்கு, அவனுக்கு மூணு அஞ்சுக்கா? அந்த அஞ்சு நிமிஷம் அவன் சொறிஞ்சா யார் பொறுப்பு?"

"நான்தான் பொறுப்பு, போய்ப் படு."

"எழுதிக் கையெழுத்துப் போடு."

போட்டான். வேறு வழி?

ரேடியோ தன் கொப்புளங்களை எண்ணி மணிக்கொரு தரம் செய்தி வாசித்தான். "வயிறு முப்பத்தெட்டு, முதுகு தெரியல, மாமா எண்ணிச் சொல்லணும்!" வக்கீலம்மாவைவிடத் தனக்கு நாலு குறைச்சல் என்று தெரிந்த அன்று மூக்கால் அழுது வீட்டை இரண்டாக்கிவிட்டான். கடைசியில் தம்பி காதுக்குப் பின்னால் தேடி ஐந்து கண்டுபிடித்துக் கொடுத்த பிறகுதான் அடங்கினான். சொறியாமல் இருப்பதற்காக, வேலைப்பையில் இருந்த "பழுது பார்க்கப்படுகிறது, தொடாதீர்கள்" என்ற அட்டையை அவன் கழுத்தில் மாட்டினான் தம்பி. பயல் அதை மாட்டிக்கொண்டே தூங்கினான், மாட்டிக்கொண்டே குளிக்கவும் பார்த்தான்.

பொடிசு வேறு ரகம். அவளுக்குக் களிம்பு பூசவேண்டுமென்றால் முதலில் பொம்மைக்குப் பூசவேண்டும். பிறகு தலையணைக்கு, பிறகு நாற்காலிக் காலுக்கு, அப்புறம் மாமாவின் மூக்குக்கு. இத்தனையும் முடிந்தபின் அவள் முறை வரும்போது புட்டியில் களிம்பு இருக்காது. ஆறு நாளில் ஒன்பது புட்டி தீர்ந்தது. கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருந்த அம்மாள்தான் மருந்துக்கடைக்குப் போய்வந்து, மாடிப்படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். "தம்பி! வீட்டுக்கு வெள்ளையடிக்கிறியா என்ன?"

எட்டாம் நாள் மத்தியானம், மற்ற இரண்டும் கண்ணயர்ந்த நேரத்தில் வக்கீலம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"மாமா, உனக்கு அம்மை வந்த தழும்பு எங்க?"

தம்பி மூன்று பேருக்கும் துணி மடித்துக்கொண்டிருந்தான். "இதோ," என்று முழங்கையைக் காட்டினான்.

"அது சைக்கிள்ல விழுந்தது. அம்மா சொல்லியிருக்காங்க."

"சில பேருக்குத் தழும்பு விழாது."

"உடம்பு பூரா கொட்டுச்சாம், ஒண்ணு கூடவா விழல? எங்க டீச்சருக்கு நெத்தியிலயே ரெண்டு குழி இருக்கு." அவள் கண்ணைச் சுருக்கி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நல்ல அதிர்ஷ்டம்தான் உனக்கு." சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். தம்பி சட்டைக்கையை முழங்கைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். உண்மையில் அவனுக்கு இரண்டு பக்கமும் பயம். ஒட்டிக்கொண்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒட்டாமல் தப்பித்தால் அக்காவின் அடுத்த கல்யாண வீட்டுக் கதையில் அவன் இன்னும் உயரமாக வளர்ந்துவிடுவான்.

பதினோராம் நாள் காலை பொடிசு "அம்மா வேணும்" என்று ஆரம்பித்தாள். பொம்மை காட்டினான், அட்டை மாட்டினான், தானே குரங்காகி மேசைமேல் ஏறினான். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் போனைப் போட்டு அவள் காதில் வைத்தான். அவள் "அம்மா, அம்மா" என்று கதறியதைக் கேட்டால் கல்லும் எழுந்து நடந்துவந்துவிடும், அக்கா வரமாட்டாளா? போன் அவன் கைக்குத் திரும்பியபோது அக்கா மூச்சிரைக்கப் பேசிக்கொண்டிருந்தாள்.

"போதும்டா. சூப் வெச்சிருக்கேன், எடுத்துட்டுக் கிளம்பிட்டேன்."

"அக்கா, டாக்டர் என்ன சொன்னார்?"

"டாக்டர் ஆயிரம் சொல்லுவார். எனக்கு ஒட்டாதுடா, அன்னைக்கே ஒட்டலையே. தையல் கடை வந்துடுச்சு, வை."

தம்பி பால்கனிக்கு ஓடினான். இரண்டாம் மாடிக்குக் கீழே, அக்கா ஒரு கையில் தூக்குப் பாத்திரமும் இன்னொரு கை இடுப்பிலுமாக வாசல் கதவைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நில்லு! மேல வராத!"

"எனக்கு ஒட்டாது!"

"ஒட்டும்க்கா!"

"பைத்தியமாடா உனக்கு? பத்து நாள் உன் மூச்சுக்காத்து பட உட்கார்ந்திருந்தேன்!" அவள் முதல் படியில் கால் வைத்தாள்.

தம்பிக்கு யோசிக்க நேரமில்லை. யோசித்திருந்தால் வேறு ஏதாவது பொய் கிடைத்திருக்கும், அதில் அவன் கைதேர்ந்தவன். ஆனால் அந்த வயிறும் அந்தப் படியும்தான் கண்ணில் தெரிந்தன.

"அன்னைக்கு எனக்கு அம்மையே வரலக்கா!" தொண்டை கிழியக் கத்தினான். "சிவப்பு மை! நானே வெச்சுக்கிட்டது! உனக்கு ஒட்டுறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல!"

தையல் மிஷின் நின்றது. எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்ற ஏழெட்டுப் பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். யாருக்காவது சரியாகக் காதில் விழாமல் போயிருந்தால் என்ன செய்வது என்ற கவலை ரேடியோவுக்கு. பால்கனிக் கம்பியில் தொற்றிக்கொண்டு மறு ஒலிபரப்பு செய்தான். "மாமாவுக்கு அம்மையே வரலையாம்! மையாம்! சிவப்பு மையாம்!"

அக்கா படியிலிருந்து காலை எடுத்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"பத்து நாளுமா?"

"பத்து நாளும்."

"நெத்தி கொதிச்சுதே?"

"வெந்நீர் டம்ளர்க்கா."

அக்கா தூக்குப் பாத்திரத்தைத் தையல்காரம்மாவின் மேசையில் வைத்துவிட்டு, திரும்பி, வந்த வழியே நடந்தாள். திட்டியிருக்கலாம், செருப்பைக் கழற்றி மேலே வீசியிருக்கலாம். அதெல்லாம் எவ்வளவோ மேல் என்று தம்பி நினைத்தான். உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். வெளியே பொடிசு கதவைத் தட்டி, "மாமாவுக்குக் களிம்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாலு நாள் அக்கா பிள்ளைகளோடு மட்டும் பேசினாள். போனை மாமாவிடம் கொடுக்கட்டுமா என்று ரேடியோ கேட்டால் லைன் கட்டாகிவிடும். பதினைந்தாம் நாள் பிள்ளைகளுக்குப் பொருக்கெல்லாம் காய்ந்து உதிரத் தொடங்கியது. தம்பிக்குக் காய்ச்சல் நூற்றுமூன்று.

மறுநாள் அவன் நெஞ்சில், முதுகில், கழுத்தில், உச்சந்தலையில்கூட இடம் விடாமல் கிளம்பிவிட்டது. பெரியவர்களுக்கு வந்தால் சும்மா வராது. உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி எரிய, குப்புறப் படுத்துக்கிடந்தான். முதுகில் ஏதோ ஈரமாகப் பட்டது. பட்டது மட்டுமா, கரகரவென்று தேய்த்தது.

"ஐயோ! என்ன பண்ற?"

"அசையாதே மாமா," என்றாள் வக்கீலம்மா. கையில் ஈரத்துணி. "அழியுதான்னு பார்க்கிறேன்."

துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து வாசற்பக்கம் போனாள். அவள் குரல் தெளிவாகக் கேட்டது. "அம்மா, மாமாவுக்கு வந்திருக்கு. நானே தேய்ச்சுப் பார்த்தேன். அழியல. இந்தத் தடவை நிஜம்."

அன்றிலிருந்து மூவரும் அவனைப் பார்த்துக்கொண்டார்கள், பார்த்துக்கொண்டார்கள் என்றால் அப்படிப் பார்த்துக்கொண்டார்கள். சுவரில் நாலாவது தாள் ஒன்று ஏறியது. தண்ணீர் கேட்டால் வக்கீலம்மா முதலில் தாளைப் பார்த்து நேரமாகவில்லை என்பாள். பொடிசு அவன் கண்ணிமைக்குக் களிம்பு பூசினாள். ரேடியோ அவன் கொப்புளங்களை எண்ணி, தன் சாதனை முறியடிக்கப்பட்டதைத் துக்கத்தோடு அறிவித்தான்.

அந்த முதல் நாள் சாயங்காலமே கீழேயிருந்து குரல் வந்தது. "அவனை வெளிய வரச் சொல்லுங்க."

போர்வையைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பால்கனிக்கு வந்தான் தம்பி. அக்கா வாசலுக்கு வெளியே, தெருவிலேயே நின்றாள். தையல்காரம்மா ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் நடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா அண்ணாந்து அவனைப் பார்த்தாள். வீங்கிய முகம், ஒரு கண் பாதி மூடியிருந்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தான், ஆனாலும் அவள் முகம் இளகவில்லை.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள். "அன்னைக்கு நான் ஓடியிருந்தா ஜெயிச்சிருப்பேனா?"

தம்பியின் வாய் பழக்க தோஷத்தில் திறந்தது. முதல் பரிசுதான் என்ற வசனம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அக்கா குளிர்ந்துபோவாள் என்று தெரியும். ஆனால் அவன் கண்ணுக்கு முன்னால் அந்த மைதானம் வந்தது. சாயங்காலந்தோறும் அக்கா ஓடிப் பழகுவதை வேலியில் உட்கார்ந்து பார்த்தவன் அவன். அங்கே இன்னொருத்தியும் வருவாள்.

"இல்லக்கா," என்றான். "ரெண்டாவது வந்திருப்ப."

தையல்காரம்மா "ஐயையோ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"போஸ்ட்மாஸ்டர் பொண்ணு வருவாளே, ஒல்லியா, ஒத்தைச் சடை. அவ உன்னைவிட வேகம்க்கா. கடைசி வளைவுல எப்பவும் உன்னைத் தாண்டிடுவா. ஆனா ரெண்டாவது நீதான். அதுல சந்தேகமே இல்ல. உனக்கு அந்த ரெண்டாவது பரிசைக் கிடைக்கவிடாம பண்ணினது நான். அதுக்கு என்னை நீ என்ன வேணா பண்ணு."

அக்கா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டாள். முதலில் அழுகிறாள் என்றுதான் தம்பி நினைத்தான். வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணில் தண்ணீர் வழிய அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒத்தைச் சடை! சனியன் பிடிச்சவ, எப்படி ஓடுவா!" என்றாள். "முதல் பரிசு, முதல் பரிசுன்னு இருபது வருஷமா நீ சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள குறுகுறுன்னு இருக்கும்டா. அவளைத் தாண்ட முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? நீ ஒருத்தனாவது நிஜமா அப்படி நம்புறியேன்னு விட்டுட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கோவம் போகலடா. சீக்கிரத்துல போகாது. ஆனா இனி நீ சொல்றதை நம்பலாம்."

தம்பி தலையை ஆட்டினான்.

"நகம் வெட்டினியா?"

"வெட்டிட்டாங்கக்கா."

"சொறியாத. உள்ள போய்ப் படுக்காத, இங்கயே நாற்காலி போட்டு உட்காரு." அக்கா திரும்பித் தையல்காரம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மாள் அதற்குள் தன் முக்காலியைத் தூக்கிவந்து தெருவோரம் போட்டுவிட்டாள். அக்கா அதில் மெதுவாக உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, மேலே பார்த்தாள்.

"பத்து நாளும் வருவேன்," என்றாள்.